அற்பனின் குடை: ஓர் இளம் எழுத்தாளருக்குக் கடிதம்

அன்புள்ள இளம் எழுத்தாளருக்கு,

உங்கள் முதல் தொகுப்பு வெளிவந்த சில நாட்களிலேயே யாராவது ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார். அவர் கெட்டவராக இருக்கமாட்டார். நிறையப் படித்தவராகவும் உங்கள்மேல் அக்கறை உள்ளவராகவும்தான் இருப்பார். "கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் கொச்சையா இருக்கு" என்பார். இந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு மொழியைக் கழுவித் துடைத்து, கதையில் வரும் மனிதர்கள் எல்லோருக்கும் இஸ்திரி போட்ட சட்டை மாட்டிவிட்ட எழுத்தாளர்கள் நம்மிடம் பலர் உண்டு. இதற்கு நேர்மாறாக, கொச்சை என்றால் கூட்டம் சேரும் என்று கண்டுகொண்டு அதையே சரக்காக்கியவர்களும் உண்டு. இரண்டு பேருமே அந்தச் சொல்லை நிறுத்தி விசாரிக்கவில்லை என்பதுதான் என் குறை. நீங்கள் விசாரித்துவிட்டு எழுத வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

நாம் எல்லோரும் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த ஒரு பழமொழியில் தொடங்குகிறேன். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான். திடீர்ப் பணக்காரனின் அநாகரிகத்தைச் சொல்ல இதைவிடக் கச்சிதமான வாக்கியம் தமிழில் இல்லை. கல்யாண வீட்டில் கழுத்து நிறைய நகை போட்டு வந்தவரைப் பற்றியும், தெருவில் புதிதாக மாடி எழுப்பியவரைப் பற்றியும் இன்றும் சொல்கிறோம். ஆனால் குடை என்பது நம் நாட்டில் வெறும் மழைக்கும் வெயிலுக்கும் உரிய பொருளாக இருந்ததில்லை. அரசனுக்கு அது வெண்கொற்றக்குடை. 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பணியக் கூடாது, பொன்நகை பூணக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. அவர்கள் வீட்டுப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடி, 1859இல்தான் அரசின் அறிவிப்பைப் பெற்றார்கள். குடை பிடிக்கவே அனுமதியில்லாத மக்கள் வாழ்ந்த மண்ணில் இந்தப் பழமொழியும் புழங்கியது. இப்போது அதை மறுபடி சொல்லிப் பாருங்கள். பகலில் பிடித்தால் அடி விழும் என்றிருந்த ஒருவன் ராத்திரியில் பிடித்துப் பார்த்திருந்தால், அதைக் கண்டு சிரிப்பவர் பக்கத்தில் நிற்பதா, குடையைப் பிடித்திருக்கும் கையின் பக்கத்தில் நிற்பதா? ஒரு எழுத்தாளர் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் இது. பழமொழியில் அந்த அற்பனுக்குப் பேச வாய் இல்லை. அந்த வாயைக் கொடுப்பது கதை எழுதுகிறவரின் வேலை.

நாகரிகம், அநாகரிகம் என்று நாம் போடும் தீர்ப்புகளில் பெரும்பகுதி செயலைப் பார்த்து வந்தவை என்று நினைக்கிறோம். ஆளைப் பார்த்து வந்தவை என்பதற்கு மொழியே சாட்சி. 'சேரி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 என்ற ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விவரிக்கின்றன. முப்பது குடும்புகளும் பன்னிரண்டு சேரிகளும் கொண்ட ஊர் அது. ஊரோ பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அங்கே சேரி என்றால் ஊரின் ஒரு பகுதி, சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். ஆயிரம் ஆண்டுகளில் அந்தச் சொல்லின் எழுத்து மாறவில்லை, இலக்கணம் மாறவில்லை. அது யாருடைய குடியிருப்பைக் குறிக்கிறது என்பது மாறியது. இன்று படித்தவர்கள் வாயிலேயே அது வசைச்சொல்லாக வருகிறது. ஒரு சொல் தானாக இழிவதில்லை. இழிவு என்று நாம் முடிவுகட்டிவிட்ட மனிதர்களின் பக்கத்தில் போய் நின்றதால் அது இழிகிறது. இந்த நடைமுறையைப் புரிந்துகொண்டால், உங்கள் கதையின் மொழியைக் கொச்சை என்று ஒருவர் சொல்லும்போது அவர் உண்மையில் எதைச் சொல்கிறார் என்று கேட்கத் தோன்றும்.

இலங்கையில் இந்தக் கேள்வி வெளிப்படையாகவே கேட்கப்பட்டது. 1950களிலும் 1960களிலும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் ஒரு புதிய தலைமுறை எழுத வந்தது. டொமினிக் ஜீவா சலூனில் முடிவெட்டும் தொழிலைச் செய்தபடியே சிறுகதை எழுதினார். கே. டானியல் தீண்டாமைக்கு ஆளான மக்களின் வாழ்க்கையை அவர்களுடைய பேச்சிலேயே எழுதினார். பின்னாளில், 1972இல், அவருடைய 'பஞ்சமர்' நாவல் வந்தது. இவர்களின் கதை மாந்தர்கள் வாய் திறந்தவுடன் பண்டிதர் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. இது 'இழிசனர் வழக்கு', இதில் எழுதப்படுவது 'இழிசனர் இலக்கியம்' என்றார்கள். பழைய இலக்கண உரைகளில் கிடந்த தொடர் அது. அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மொழியைப் பற்றிய விமரிசனமாக வருகிற அந்தத் தொடரில் மொழி இரண்டாவதாகத்தான் இருக்கிறது. முதலில் இருப்பது சனம். பிழையான வழக்கு, சிதைந்த வழக்கு என்று சொல்லவில்லை. இழிந்த ஆட்களின் வழக்கு என்று சொல்கிறார்கள். விமரிசகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் இதற்கு எதிர்நின்று வாதாடினார்கள். இலக்கியத்தின் மொழி வாழ்கிற மக்களின் மொழியிலிருந்து வர வேண்டும் என்றார்கள். ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுப்புக்கு இலங்கையின் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966இல் அவர் தொடங்கிய 'மல்லிகை' இதழ் பல பத்தாண்டுகள் வந்தது. வசையாக வந்த பெயரை அந்த எழுத்தாளர்கள் தலைமேல் தூக்கிக்கொண்டார்கள் என்பதைவிட, அந்த வசை தங்களைப் பற்றியது, தங்கள் வாக்கியங்களைப் பற்றியது அல்ல என்று அவர்கள் உடனே கண்டுகொண்டதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். மரபே அப்படித்தானே, உயர்ந்தோர் வழக்கைத்தானே தமிழ் இலக்கியம் போற்றியிருக்கிறது, நீங்கள் மரபையே தூக்கி எறியச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். மரபை எறியச் சொல்லவில்லை. நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன். புறநானூற்றில் 82ஆம் பாட்டு சாத்தந்தையார் பாடியது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர் வேகத்தைச் சொல்ல வந்த புலவருக்கு உவமை ஒன்று தேவைப்படுகிறது. சிங்கத்தையோ இடியையோ அவர் தேடிப் போகவில்லை. கட்டிலுக்கு வார் பின்னுகிற ஒரு தொழிலாளியை எடுக்கிறார். ஊரில் திருவிழா வந்துவிட்டது. அவன் மனைவிக்குப் பிரசவ வலி கண்டிருக்கிறது. மழை கொட்டுகிறது. பொழுது சாய்கிறது. கையிலுள்ள கட்டிலோ முடியவில்லை. தோல்வாரைக் கோத்துக்கொண்டு அந்த ஊசி எவ்வளவு வேகமாகப் போய்வரும்! அந்த வேகம் அரசனின் போருக்கு உவமை. அந்தத் தொழிலாளியைக் குறிக்கப் பாட்டில் வரும் சொல் 'இழிசினன்' என்பதுதான். அந்தக் காலத்துச் சமூகம் கொடுத்த பெயரைப் புலவர் மாற்றவில்லை. அதை நாம் மறைக்கவும் வேண்டாம். ஆனால் பார்வை எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். அவனுடைய வீட்டுக்குள் நடப்பது புலவருக்குத் தெரிந்திருக்கிறது. எந்த நேரத்தில் அவன் கை பதறும் என்று தெரிந்திருக்கிறது. ஊசி, வார், மழை, பெண்ணின் வலி என்று நாலைந்து சொற்களில் ஒரு முழு மனிதன் நிற்கிறான். சமூகத்தின் தீர்ப்பு சொல்லாக இருக்க, புலவரின் கண் அந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போய்விட்டது. இலக்கியத்தில் கொச்சை எது, எது இல்லை என்று தீர்மானிக்க எனக்கு இதைவிட நல்ல உரைகல் கிடைக்கவில்லை.

ஆகவே கொச்சை என்பதை நான் வேறோர் இடத்தில் தேடச் சொல்கிறேன். பாத்திரத்தின் வாயில் தேடாதீர்கள். கதை சொல்லியின் கண்ணில் தேடுங்கள். ஒரு வாக்கியத்தை எழுதிக் காட்டுகிறேன். "வெற்றிலைக் கறை படிந்த பற்களைக் காட்டி அந்தக் கிழவி அசிங்கமாகச் சிரித்தாள்." இதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. எந்தப் பத்திரிகையும் தயங்காமல் போடும். ஆனால் 'காட்டி', 'அந்தக் கிழவி', 'அசிங்கமாக' என்ற மூன்றும் சேர்ந்து வாசகரைக் கிழவிக்கு எதிராக மேல்படியில் ஏற்றி உட்கார வைத்துவிட்டன. இப்போது இது: "கிழவி சிரித்தாள். இடப்பக்கத்துப் பல்லில்தான் கறை அதிகம். அந்தப் பக்கம்தான் எப்போதும் மென்றாள்." கறை போகவில்லை. ஆனால் பார்க்கிறவர் கீழே இறங்கி அவளுக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டார். முதல் வாக்கியம்தான் கொச்சை. அது எவ்வளவு செந்தமிழில் எழுதப்பட்டாலும் கொச்சைதான். இதேபோல உரையாடலையும் சோதித்துப் பாருங்கள். முதலாளியும் பேச்சுத் தமிழில்தான் பேசுகிறார், வேலைக்காரம்மாவும் பேச்சுத் தமிழில்தான் பேசுகிறார். முதலாளி "நாளைக்கு வர்றேன்" என்று சொன்னதை "நாளைக்கு வருகிறேன்" என்று திருத்தி எழுதிவிட்டு, அந்த அம்மா சொன்னதை மட்டும் "நாளிக்கி வர்ரம்மே" என்று ஒலி பிசகாமல் எழுதினால், நீங்கள் யதார்த்தமாக எழுதவில்லை. ஒருவருக்கு நாற்காலி போட்டு இன்னொருவரைத் தரையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். நம் வாரப் பத்திரிகைக் கதைகளிலும் திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளிலும் சென்னைத் தமிழ் பல்லாண்டுகள் இப்படித்தான் தரையில் உட்கார்ந்திருந்தது. அதே பத்திரிகைகளில் அக்கிரகாரத்துப் பேச்சும் ஒலி பிசகாமல் அச்சாகி வந்தது. அதைக் கொச்சை என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. இரண்டும் வட்டாரப் பேச்சுதான், இரண்டும் சாதியின் தடம் பதிந்த பேச்சுதான். எழுதுங்கள், இரண்டையும் எழுதுங்கள். ஒரே காதால் கேட்டு எழுதுங்கள்.

அப்படியானால் எந்தச் சொல்லையும் எங்கேயும் எழுதலாமா என்று உங்களைக் கேட்பார்கள். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க வேண்டாம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் அவையல்கிளவி என்று ஒன்றைச் சொல்கிறது. அவையில் சொல்லத் தகாததை நேரே சொல்லாமல் மறைத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. நன்னூலார் இதையே இடக்கரடக்கல் என்பார். இந்த விதி சூழலைப் பார்க்கிறது, பேசுபவரின் பிறப்பைப் பார்க்கவில்லை என்பது முதல் செய்தி. இரண்டாவது, தொல்காப்பியம் உடனே ஒரு விலக்கும் கொடுக்கிறது: வழக்கில் நன்றாகப் பழகி ஊறிவிட்ட சொல்லை மறைக்க வேண்டியதில்லை. இதற்கு உரைகள் காட்டும் எடுத்துக்காட்டுகளில் யானை இலண்டமும் ஆட்டுப் பிழுக்கையும் வருகின்றன. ஆடு மேய்க்கிறவர் நாள் முழுவதும் புழங்குகிற சொல்லுக்கு இலக்கணத்தின் அவையிலேயே இடம் கிடைத்திருக்கிறது. ஆகவே அளவு வேண்டும் என்பதில் எனக்கும் மாறுபாடில்லை. அந்த அளவை ஆளின் சாதியையோ தொழிலையோ பார்த்து எடுக்காதீர்கள். கதைக்கு என்ன தேவை என்று பார்த்து எடுங்கள்.

வசவுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் புழங்கும் வசவுகளில் பெரும்பாலானவை அங்கே இல்லாத ஒரு பெண்ணை, திட்டப்படுகிறவனின் தாயையோ மனைவியையோ அக்காவையோ இழுத்து வருகின்றன. மற்றவற்றில் பல சாதிப் பெயரை இழுத்து வருகின்றன. மக்கள் பேசுவதை அப்படியே எழுதினேன் என்று சொல்லி இவற்றை மசாலாவாகத் தூவுவது, மக்கள்மேல் வைத்த மரியாதை ஆகாது. சண்டையில் ஒருவன் அந்தச் சொல்லைச் சொன்னால் சொல்ல விடுங்கள், வெட்டாதீர்கள். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு குழாயடியில் நிற்கிற பெண்ணையும் எழுதுங்கள். அவள் குடத்தை நிமிர்த்தினாளா, அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாளா என்று எழுதுங்கள். சொல் யார்மேல் விழுந்தது என்பது தெரிந்துவிட்டால் அது மசாலாவாக இருக்காது. ஜி. நாகராஜனைப் படித்தால் நான் சொல்வது விளங்கும். 'குறத்தி முடுக்கு', 1974இல் வந்த 'நாளை மற்றுமொரு நாளே' என்ற இரண்டு சிறு நாவல்களிலும் பாலியல் தொழில் செய்யும் பெண்களும் தரகர்களும் குடிப்பவர்களும் வருகிறார்கள். இரண்டாவது நாவலில் கந்தன் என்ற ஒருவனின் ஒரே ஒரு நாள்தான் கதை. ஆனால் அவர் நடையில் அதிர்ச்சி கொடுக்கும் ஆசை கிடையாது. பாத்திரங்களைக் கண்டு முகம் சுளிப்பதும் இல்லை, அவர்களுக்காகக் கண்ணீர் விடுவதும் இல்லை. இரக்கமும் சில நேரம் மேலிருந்து இறங்கி வருகிற பார்வைதான் என்பதை அவர் அறிந்திருந்தார். வறுமையையும் விபச்சாரத்தையும் வாசகரின் உச்சுக்கொட்டலுக்காக எழுதுகிறவர்களை நான் கொச்சையான எழுத்தாளர்கள் என்பேன்.

தீர்ப்பே கூடாது என்றால் எழுத்தாளருக்கு அறம் இல்லையா என்ற கேள்வியும் வரும். அறம் உண்டு. கேள்வி, தீர்ப்பு யார்மேல் திரும்புகிறது என்பதுதான். புதுமைப்பித்தனின் 'பொன்னகர'த்தில் அம்மாளு கணவனுக்குப் பால்கஞ்சி வைக்க முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். எப்படிச் சம்பாதிக்கிறாள் என்பதுதான் கதை. கதையின் கடைசியில் ஆசிரியர் தீர்ப்புச் சொல்கிறார், சத்தமாகவே சொல்கிறார். ஆனால் அது அம்மாளுவின்மேல் விழவில்லை, கற்பைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற நம்மேல் விழுகிறது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. காரில் ஏற்றிக்கொண்டுபோன ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு வந்த மகளை, தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சேர்த்துக்கொள்கிறாள். வாசகர்களின் கோபம் காரில் வந்தவனைவிடத் தண்ணீர் ஊற்றிய தாயின்மேல்தான் அதிகம் பாய்ந்தது. ஒரு சமூகம் எதைக் கண்டு ஆபாசம் என்று அலறுகிறது என்பதைக் குறித்துவைத்துக்கொண்டால், அது எதைக் காப்பாற்றப் பார்க்கிறது என்பது தெரிந்துவிடும். ஜெயகாந்தன் அதைக் குறித்துக்கொண்டார். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்த்ததுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

மிகக் கடினமான மறுப்புக்கு வருகிறேன். மக்கள் மனம் புண்படுகிறதே, அதற்கு என்ன பதில்? பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. புண்பட்டது என்று சொன்னவர்கள் எல்லோரும் நடித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஊரின் பெயரும் சாதியின் பெயரும் இருந்ததால் உண்மையாகவே வருந்தியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த நாவல் எதைப் பற்றியது? காளி, பொன்னா என்ற குழந்தையில்லாத தம்பதியைச் சுற்றியிருப்பவர்கள் சொல்லாலும் பார்வையாலும் நாள்தோறும் எப்படிக் குத்தினார்கள் என்பதைப் பற்றியது. 'வறடி' என்ற ஒரு சொல் ஒரு பெண்ணை எத்தனை நல்ல காரியங்களிலிருந்து விலக்கி நிறுத்துகிறது என்பதைப் பற்றியது. புண்படுத்திய பேச்சை எழுதிக் காட்டியதற்காக, எழுதியவர் புண்படுத்தினார் என்றார்கள். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிடிக்காத புத்தகத்தை எறிந்துவிடலாம், படித்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றும் எழுத்தாளர் மறுபடி எழுத வேண்டும் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, ஒருவரை இழிவுபடுத்துவதற்கும் ஒருவருக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் உங்கள் மேசையில் வைத்துச் சோதித்துக்கொள்வது. முதலாவது இருந்தால் அடித்துவிடுங்கள். இரண்டாவது இருந்தால் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள்.

கடைசியாக, கொச்சை, ஆபாசம் என்ற தீர்ப்புகளை வழங்குகிறவர்கள் எப்போதும் பிற்போக்கானவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராத்தியர் அவையில் முத்துப்பழனி என்ற தேவதாசிப் புலவர் தெலுங்கில் 'ராதிகா சாந்தவனம்' என்ற காவியத்தை எழுதினார். கண்ணனுக்கு இளையாளை மணமுடித்து வைத்துவிட்டுப் பிறகு ராதை படும் பாடும், கண்ணன் அவளைத் தேற்றுவதும் அதன் கதை. பெண்ணின் ஆசையைப் பெண்ணே மறைக்காமல் எழுதியிருந்தார். தன் இலக்கிய மரபைப் பாட்டியிலிருந்தும் அத்தையிலிருந்தும் தொடங்கி அறிமுகம் செய்திருந்தார். 19ஆம் நூற்றாண்டில் அச்சான பதிப்பில் அந்த அறிமுகம் இல்லை. தெலுங்கின் பெரும் சீர்திருத்தக்காரரான கந்துகூரி வீரேசலிங்கம், விதவை மறுமணத்துக்காக ஊரையே எதிர்த்து நின்றவர், இந்தக் காவியத்தைக் கண்டித்தார். எழுதியவரின் நடத்தையையும் சேர்த்தே கண்டித்தார். பெண்களைத் தேவதாசியாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்க்க அவருக்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் ஒரு வழக்கத்தின்மேல் இருந்த கோபத்தை ஒரு கவிஞரின் வரிகளின்மேல் இறக்கிவைத்தார். முழு நூலையும் தேடிப் பிடித்து 1910இல் சென்னையில் வாவிள்ள பதிப்பகத்தின் வழியாக வெளியிட்டவர் பெங்களூர் நாகரத்னம்மாள். அவரும் தேவதாசி மரபில் வந்தவர்; சங்கீத மேதை; திருவையாற்றில் தியாகராஜருக்குத் தன் பொருளைச் செலவிட்டுச் சமாதி எழுப்பியவர். கூச்சம் என்பது பெண்களுக்கு மட்டும்தானா, ஆண்களுக்கு இல்லையா, ஆண் கவிஞர்கள் இதைவிட வெளிப்படையாக எழுதியது மட்டும் எப்படிச் சரியாயிற்று என்று அவர் கேட்டார். 1911இல் காவல்துறை பிரதிகளைக் கைப்பற்றியது; நூலுக்குத் தடை விழுந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 2002இல், அதே சென்னையில் குட்டி ரேவதியின் 'முலைகள்' கவிதைத் தொகுப்பு வந்தபோதும், சல்மா, சுகிர்தராணி, மாலதி மைத்ரி ஆகியோர் எழுதியபோதும் நாகரத்னம்மாளின் கேள்வியை மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியிருந்தது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியைக் கையில் வைத்திருக்கிற மொழியில்தான் இது நடந்தது.

இதையெல்லாம் உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. உங்கள் கதையைக் கொச்சை என்று சொன்னவரின் வீட்டுக்கே நீங்கள் போகலாம், அவரோடு காபி குடிக்கலாம், எந்த வரி என்று கேட்கலாம். அவர் காட்டும் வரியில் உங்கள் கண் மேலிருந்து பார்த்திருந்தால் நன்றி சொல்லித் திருத்துங்கள். உங்கள் பாத்திரம் தன் வாயால் பேசியது மட்டும்தான் குற்றம் என்றால், அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கதையைத் தொடங்குங்கள். உடனே நியாயம் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். 'ராதிகா சாந்தவன'த்தின் மீதான தடை நீங்கியது 1947இல். அதை எழுதிய முத்துப்பழனி இறந்து பல தலைமுறைகள் ஆகியிருந்தன. நாகரத்னம்மாள் அப்போது உயிரோடு இருந்தார்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகபயணி